அக்குளைப் பார்த்தீர்களா?

காய்ச்சல்காரர்கள் என்னிடம் நீட்டும் சீட்டில் அநேகமாக ஒரே வரிசைதான் இருக்கும்: ரத்த அணுக்கள், வைடால், டெங்கு, சிறுநீர். கிணத்துக்கடவில் பொள்ளாச்சி ரோட்டோரம் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் மாசி வரைக்கும் கூட்டம்தான். தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்கள், தென்னந்தோப்பில் மட்டை பொறுக்குகிறவர்கள், ஆடு மேய்க்கும் பெரியவர்கள் என்று வருவார்கள். அவர்களில் சிலருடைய ரிசல்ட் ஒரு தினுசாக இருக்கும். டெங்கு இல்லை. பிளேட்லெட் லட்சத்துக்குக் கீழே. ஈரல் என்சைம் ஏறியிருக்கும். வைடாலில் 1:80 என்று ஏதோ தெரியும். "டைபாய்டுங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே ஊசி போடக் கிளம்பிவிடுவார்கள்.

அந்த 1:80ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வைடால் 1896இல் வந்த பரிசோதனை. டைபாய்டு கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்க்கும். டைபாய்டு புழங்கும் ஊர்களில், என்றோ வந்துபோன நோய்க்கும், போட்டுக்கொண்ட தடுப்பூசிக்கும், சம்பந்தமே இல்லாத வேறு காய்ச்சலுக்கும்கூட அது கொஞ்சம் ஏறிக் காட்டும். கல்லுக் குண்டாட்டம் இருக்கிற ஆளின் ரத்தத்திலும் 1:80 வரும். டைபாய்டுதானா என்று உறுதியாகத் தெரிய ரத்தக் கல்ச்சர் வேண்டும். அதற்கு நாளும் ஆகும், பணமும் ஆகும். வைடால் சீட்டு மதியச் சோற்றுக்குள் கைக்கு வந்துவிடும். அதனால்தான் அதற்கு இத்தனை மவுசு.

இப்படி டைபாய்டு என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்ளும் நோய்களில் முக்கியமானது ஸ்க்ரப் டைஃபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள். மாட்டின் காதில் தொங்கும் உண்ணிக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. இதைப் பரப்புவது புல்பூண்டிலும் புதரிலும் வாழும் ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சு. நம் தேங்காய்களைச் சொறி பிடித்ததுபோல் ஆக்கும் ஈரியோஃபைட் சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, செம்மஞ்சள் நிறம். வளர்ந்த பேன் நம்மைத் தொடுவதில்லை. குஞ்சுதான், அதுவும் ஒரே ஒரு முறை, ஏதாவது பிராணியைக் கடிக்கும். வழக்கமாக எலி. அந்த நேரத்தில் பொழி ஓரம் புல் அறுக்க மனிதர் உட்கார்ந்தால் மனிதர். ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமியைத் தாய்ப்பேனே முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்துவிடுவதால், ஒரு புதரில் கிருமி குடியேறிவிட்டால் லேசில் போகாது.

கடித்தால் வலிக்காது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் காய்ச்சல் அடிக்கும், தலை இடிக்கும், மேலெல்லாம் நோகும். தோட்டத்துக்குப் போனது அதற்குள் மறந்தே போயிருக்கும். கிருமி ரத்தக் குழாய்களின் உள்பக்கத்து செல்களுக்குள் புகுந்து வாழ்வதால், விட்டுவிட்டால் நுரையீரல், ஈரல், சிறுநீரகம், மூளை என எதையும் தொடும். டைபாய்டுக்கென்று போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி இதனிடம் பலிக்காது. டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மாத்திரைக்கு அடங்கும். அசித்ரோமைசினுக்கும் அடங்கும். மருந்துக் கடையில் காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுக் குணமாகி, டைபாய்டு போய்விட்டது என்று நம்பியிருக்கும் ஆட்களில் சிலருக்கு வந்தது இதுவாகவே இருந்திருக்கும்.

லேப்காரன் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த நோயைக் கண்டுபிடிக்க முதல் சாதனம் என் மேசையில் இல்லை, நோயாளியின் தோலில் இருக்கிறது. பேன்குஞ்சு கடித்த இடத்தில் ஒரு சின்னக் கொப்புளம் வந்து, புண்ணாகி, பீடி நெருப்பு பட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று கட்டும். சுற்றிலும் சிவந்த வளையம். அரிக்காது, வலிக்காது. ஆகவே அதை வைத்திருப்பவருக்கே அது தெரியாது. காலில் ஏறிய குஞ்சு மென்மையான, ஈரமான, துணி இறுக்கும் இடம்வரை ஊர்ந்து போய் அங்கே நிற்கும். அக்குள், தொடை இடுக்கு, ஆண்களுக்கு விரைப்பை, அரைஞாண் கயிற்றுக்குக் கீழே. பெண்களுக்கு மார்புக்கு அடியில், பாவாடை நாடா இறுக்கும் இடுப்பில், தொப்புளில். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் நானூறு நோயாளிகளுக்கு மேல் பார்த்து 2013இல் எழுதிய கட்டுரையில், பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இந்தப் பொருக்கு இருந்தது. ஆண்களுக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும், பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும்தான் அதிகம். வேறு ஊர்களில் எண்ணிக்கை மிகவும் குறைவாகவும் வந்திருக்கிறது. தேடியவர் எவ்வளவு பொறுமையாகத் தேடினார் என்பதும் அந்த எண்ணிக்கையில் கலந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால், யார் தேடுகிறார்கள்? நாற்பது பேர் வரிசையில் நிற்கும் ஓபியில், திரைகூட இல்லாத அறையில், அறுபது வயது ஆத்தாவிடம் ரவிக்கையைத் தளர்த்தச் சொல்ல ஆண் டாக்டருக்குக் கூச்சம், ஆத்தாவுக்கு அதைவிடக் கூச்சம். ஒரு நர்ஸம்மா கூட இருந்தால் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்குப் பதிலாகத்தான் என்னிடம் சீட்டு வருகிறது.

என் பக்கத்துப் பரிசோதனைகளுக்கும் குறை உண்டு. பழைய வைல்-ஃபீலிக்ஸ் பரிசோதனையில் இந்தக் கிருமியே கிடையாது; வேறொரு கிருமியை வைத்துக் குறுக்குவழியில் ஊகிப்பது அது. நிறையப் பேரைத் தவறவிட்டுவிடும். இப்போது நம்பப்படுவது ஐஜிஎம் எலைசா. அதிலும் காய்ச்சலின் முதல் நான்கைந்து நாளில் எதிர்ப்பொருள் ஏறியிருக்காது, இல்லை என்றே காட்டும். வந்துபோனவருக்கு மாதக்கணக்கில் ஆம் என்றும் காட்டிக்கொண்டிருக்கும். பொருக்கின் ஒரு துணுக்கை எடுத்து பிசிஆர் செய்தால் சீக்கிரம் தெரியும், ஆனால் அந்த வசதி பெரிய இடங்களில்தான். ஆகவே மழைக்காலம், ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல், தோட்டவேலை, குறைந்த பிளேட்லெட் என்று சேர்ந்து வந்தால், ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருத்துவர் டாக்சிசைக்ளினைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே தொற்றுநோய் மருத்துவர்களின் ஆலோசனை. சரியான மருந்து போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்குவதே ஒரு தடயம்.

இரண்டாம் உலகப்போரில் அசாம், பர்மா காடுகளில் சிப்பாய்களை வாட்டிய இந்த நோயை இடையில் இந்தியா ஏறக்குறைய மறந்தேவிட்டது. மறுபடி அதை முன்னால் கொண்டுவந்தவர்களில் வேலூர்க்காரர்களுக்குப் பெரிய இடம் உண்டு. குளிர்மாதங்களில் அங்கே பரவியதைப் பற்றி எலிசபெத் மத்தாய் குழு 2003இல் எழுதியது. இருபது வருடம் கழித்து, 2023 மார்ச்சில், அதே கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் நடந்த ஆய்வு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில், உறுப்புகள் பாதிக்கப்பட்ட 794 பேர். ஒரு பிரிவுக்கு டாக்சிசைக்ளின் ஊசி, ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின் ஊசி, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும், ஏழு நாள். மரணம், ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒற்றை மருந்துப் பிரிவுகளில் 47, 48 சதவீதம் பேருக்கு இதில் ஏதோ ஒன்று நேர்ந்தது. இரண்டு மருந்துப் பிரிவில் 33 சதவீதம். மரணத்தை மட்டும் தனியாக எடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். சிக்கல் சீக்கிரம் தீருகிறது என்பதே லாபம். ஐசியு நாள் வாடகை கட்டிப் பார்த்தவர்களுக்கு அது சின்ன லாபமாகத் தெரியாது.

அது ஆஸ்பத்திரிக்குள் நடந்தது. ஊருக்குள் எவ்வளவு என்ற கேள்விக்கு 2025இல் ஒரு பதில் கிடைத்தது. வேலூர் மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து வட தமிழகத்தில் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு வருடம் வீடு வீடாகப் போய் விசாரித்து, காய்ச்சல் வந்தவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். வருடத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரைக்கும் இந்தக் கிருமி தொற்றுகிறது, பலருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது என்பது அவர்கள் கண்டது. பொள்ளாச்சி வட்டாரத்தில் இப்படி ஒரு கணக்கு எடுத்தால் என்ன வரும் என்று அடிக்கடி யோசிப்பேன். புதர், எலி, பொழி எதற்கும் இங்கே குறைவில்லை.

குழந்தைகளுக்கு டாக்சிசைக்ளின் கொடுக்கப் பழைய பயம் ஒன்று உண்டு, பல் மஞ்சளாகிவிடும் என்று. அது அந்தக் குடும்பத்துப் பழைய மருந்தான டெட்ராசைக்ளினால் வந்த பெயர். குறுகிய நாள் டாக்சிசைக்ளின் பல்லைக் கறைப்படுத்துவதில்லை என்று இப்போது தெரிகிறது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். தடுப்பூசி இன்னும் இல்லை. தோட்டத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பது, உடுத்திய துணியை உடனே துவைப்பது, புல்லில் வெறுமனே உட்காராமல் இருப்பது, வீட்டை ஒட்டிய புதரையும் மட்டைக் குவியலையும் அகற்றுவது, இவ்வளவுதான் நம் கையில்.

இப்போதெல்லாம் ஊசி குத்துவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன்: அக்குளையும் இடுப்பையும் யாராவது பார்த்தார்களா? சிலர் சிரிப்பார்கள். ஒரு ஆத்தா, "ரத்தம் எடுக்க வந்தா மேலப் பாக்கச் சொல்றீங்களே, ஏனுங் தம்பி?" என்று முறைத்தார். மருமகளைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். இடுப்பில் பாவாடை நாடாவுக்குக் கீழே இருந்தது. வைடால் போட வேண்டாம் என்று சீட்டில் அடித்துவிட்டு, டாக்டருக்கு அதையே எழுதி அனுப்பினேன்.