செடிகளின் ஹார்மோன்கள் – 6: தக்காளி இலையில் ஒரு கடி

தக்காளிச் செடியின் கீழ் இலையைப் புழு கடித்த சில மணி நேரத்தில், கடிபடாத மேல் இலைகளிலும் ஒரு புரதம் சேரத் தொடங்குகிறது. அது புழுவின் குடலுக்குள் போய்ச் செரிமான நொதிகளை முடக்குகிறது. தின்றது செரிக்காமல் புழுவின் வளர்ச்சி குன்றுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிரீனும் கிளாரன்ஸ் ரயனும் 1972-இல் இதைச் சொன்னபோதே, காயத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிச் செடி முழுக்கப் போகிறது என்பது தெளிவாகிவிட்டது. அது எது என்று தேடிய ரயனும் கிரெகரி பியர்ஸும் அடங்கிய குழு, 1991-இல் தக்காளி இலைகளிலிருந்து 18 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்து, சிஸ்டமின் என்று பெயரிட்டது. பெப்டைடு ஹார்மோன் என்றால் இன்சுலின் மாதிரி விலங்குகளின் சொத்து, செடிக்கு ஆக்சின், எத்திலீன் போன்ற சிறு மூலக்கூறுகளே போதும் என்ற நெடுநாள் எண்ணம் அத்துடன் ஆட்டம் கண்டது.

தேடிய தூதன் சிஸ்டமின்தான் என்று பலரும் நம்பியதற்குக் காரணம் இருந்தது. கதிரியக்க அடையாளமிட்ட சிஸ்டமினைக் காயத்தில் வைத்தால், அது ஃபுளோயம் வழியே நகர்ந்தது. சிஸ்டமின் உருவாவதை மட்டுப்படுத்திய செடிகளில் மேல் இலைகளின் எதிர்ப்பு மங்கியது; புழுக்கள் அவற்றைத் தின்று மளமளவென வளர்ந்தன. ஆனால் இந்தச் சான்றுகள் சிஸ்டமின் தேவை என்பதையும், அதனால் நகர முடியும் என்பதையும் மட்டுமே காட்டுகின்றன. மேல் இலைக்குச் செய்தி கொண்டுபோவது அதுவேதான் என்பதைக் காட்டவில்லை. அந்த இடைவெளியை அடைத்தது ஒட்டுக் கட்டும் பழைய உத்தி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஹோவின் குழு, சிஸ்டமினுக்கு அசையாத தக்காளி வகையையும் சாதாரணத் தக்காளியையும் ஒட்டுக் கட்டி, அடிச்செடியின் இலையைக் காயப்படுத்திப் பார்த்தது. அடிச்செடி சாதாரணமானதாக இருந்தபோது, மேலே ஒட்டிய செவிட்டுக் கிளையும் எதிர்ப்புப் புரதத்தைச் சேர்த்தது. மாற்றி ஒட்டியபோது செய்தி சரியாக மேலே ஏறவில்லை. ஆக, சிஸ்டமின் வேலை செய்யவேண்டிய இடம் காயம்பட்ட இலைதான். மேலே செய்தி போவதற்கு அங்கே ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் உருவாக வேண்டும். வந்த செய்தியை உணர, மேல் இலைக்கு அந்த அமிலத்தை அறியும் திறன் வேண்டும்.

சிஸ்டமின் இருக்கும் இடத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 200 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் தாய்ப் புரதம், ஃபுளோயத்தை ஒட்டிய செல்களுக்குள் கிடக்கிறது. அதை உணரும் ஏற்பியோ செல் சவ்வில் வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறது. செல் நலமாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதற்கில்லை. செல் உடைந்து உள்ளிருப்பது கொட்டி, நொதிகள் அதைக் கத்தரித்த பிறகே சிஸ்டமின் பக்கத்துச் செல்லைத் தொடுகிறது. தொட்டதும் அந்தச் செல் ஜாஸ்மோனிக் அமில உற்பத்தியைக் கூட்டுகிறது. சிறு காயத்தின் குரலைப் பெரிதாக்கும் ஒலிபெருக்கி என்றே சிஸ்டமினைச் சொல்வேன்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2018-இல் சிஸ்டமினின் ஏற்பி அடையாளம் காணப்பட்டபோது, அந்த ஏற்பி இல்லாத செடிகளும் காயத்துக்கு எதிர்வினை காட்டின. அப்படியானால் சிஸ்டமின் எதற்கு? அதே ஆய்வு பதிலையும் தருகிறது: புழுக்களை எதிர்ப்பதில் அந்தச் செடிகள் பின்தங்கின. காயமே ஓரளவு ஜாஸ்மோனிக் அமிலத்தைக் கிளப்பிவிடும். தின்றுகொண்டே இருக்கும் புழுவிடம் அந்த அளவு எடுபடுவதில்லை. சிஸ்டமின் கத்தரி, தக்காளிக் குடும்பத்துக்குள் அடங்கியது என்பதும் உண்மைதான். ஆனால் கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸில் ரயனின் குழுவே 2006-இல் 23 அமினோ அமிலங்கள் கொண்ட வேறொரு பெப்டைடைக் கண்டது. காயத்தின் அருகே எதிர்ப்பைக் கூட்டுவதுதான் அதன் வேலையும்.

தூரம் போகாததை ஹார்மோன் எனலாமா என்று கேட்பவர்கள் விலங்குகளின் இரத்த ஓட்டத்தை அளவுகோலாக வைக்கிறார்கள். செடிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. ஆனாலும் தூரம் போகும் பெப்டைடுகளும் செடியில் உண்டு. அராபிடாப்சிஸ் வேரில் ஒரு பக்கம் நைட்ரஜன் இல்லாமல் பட்டினி கிடந்தால், 15 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு ஒன்று அங்கிருந்து சைலம் வழியே தண்டுப் பகுதிக்கு ஏறுகிறது. அங்கே அதை அறியும் ஏற்பி வேறு சிறு புரதங்களைக் கீழே அனுப்புகிறது. நைட்ரேட் கிடைக்கும் பக்கத்து வேர் கூடுதலாக உறிஞ்சத் தொடங்குகிறது.