உங்களுக்குத் தெரியுமா? சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு விளக்கம்

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மயக்கமருந்து நிபுணர் லாரன்ஸ் எக்பர்ட்டும் குழுவினரும் 1964 இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற 97 பேருள் ஒரு பகுதியினருக்கு, வலி எங்கே எழும், எவ்வளவு காலம் நீடிக்கும், தசைகளைத் தளர்த்தி அதை எவ்வாறு தணிக்கலாம் என்பவை முன்கூட்டியே விளக்கப்பட்டன. அவர்களுக்குத் தேவைப்பட்ட அபின்வகை வலிநீக்கி, அதாவது மோர்ஃபின் போன்ற மருந்து, ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததோடு, விளக்கம் பெற்றவர் யாரென அறியாத சத்திரசிகிச்சை நிபுணர்களே அவர்களைச் சராசரியாக 2.7 நாட்கள் முன்னதாக வீட்டுக்கு அனுப்பினர்.

இலங்கையின் ராகலைத் தோட்டங்களிலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ சிகிச்சைக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளிக்கு அவ்விளக்கம் புரியாத மொழியில் கிடைப்பின் அச்சமே மிகும். அந்நாட்டு அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியிருப்பதால், சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் ஐயங்களைத் தமிழிலேயே கேட்டறிவது அவருக்குரிய உரிமையாகும். சத்திரசிகிச்சைக்கு முன் காரணம் கூறப்படாது விதிக்கப்படும் பட்டினியும் பதற்றத்தை வளர்க்கிறது. மயக்கநிலையில் இரைப்பையிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுள் புகாதிருக்கவே உணவு நிறுத்தப்படுகிறது. வைத்தியர் வேறுவிதமாகப் பணிக்காதவிடத்து, இலேசான உணவும் பால் தேநீரும் மயக்கமருந்து கொடுப்பதற்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன்பும், நீரும் பால் சேராத வெறுந்தேநீரும் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பும் நிறுத்தப்படுவது பொது விதி.