‘ஓல்ட் வைன்’ன்னா பழைய ஒயின் இல்லைங்க

லேபிள்ல ‘ஓல்ட் வைன்’னு போட்டிருந்தா அது பல வருஷம் பழசான ஒயினான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இல்லை. இங்க வைன்னா திராட்சைக் கொடி. நம்ம தமிழ்ல கொடியையும் சரக்கையும் ஒரே மாதிரி உச்சரிக்கிறதால வர்ற குழப்பம் இது. வயசு கொடிக்குத்தான். பாட்டில்ல இருக்கறது சமீபத்திய அறுவடையாக்கூட இருக்கலாம்.

அடிலெய்டுல ஒரு நண்பர் வீட்டுல எனக்குக் கிடைச்சது லாங்மைல் நிறுவனத்தோட ‘ஃப்ரீடம் 1843’ ஷிராஸ். பரோசா பள்ளத்தாக்கு ஒயின். 1843-ன்னா அந்தத் தோட்டத்துல கொடி நட்ட வருஷம். உலகத்துல இன்னும் காய்க்கிற ரொம்பப் பழைய ஷிராஸ் கொடிகள்ல இதுவும் ஒண்ணு.

திறந்ததும் குடிக்கல. டிகாண்டர்ல ஊத்தி ஒரு மணி நேரம் வெச்சோம். முதல்ல கருப்பான பழ வாசனை, பின்னாடியே மிளகு. வாயில வெச்சப்போ நான் எதிர்பார்த்தது பலமான அடி. வந்தது வேற. நாவல்பழம் சாப்பிட்டா நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு இதுல இருக்கு, ஆனா பிடிக்காம தடவிட்டுப் போகுது. முழுங்கின பிறகும் சுவை ரொம்ப நேரம் நின்னுச்சு.

இது கொடியோட வயசாலதானா? வயசான கொடி கொஞ்சமாத்தான் காய்க்கும். வேர் ஆழமா போயிருக்கறதால வறட்சியைத் தாங்கும். இதெல்லாம் உண்மை. ஆனா என் சந்தேகம் ஒண்ணு இருக்கு. சுமாரான தோட்டத்தை எல்லாம் எப்பவோ பிடுங்கிப் போட்டிருப்பாங்க. நல்ல மண்ணுல, நல்ல பழம் கொடுத்ததைத்தான் விட்டு வெச்சிருப்பாங்க. அப்போ நாம ருசிக்கறது வயசையா, இல்ல அந்த இடத்தையா? ரெண்டையும் பிரிக்கறது சுலபமில்லை.

தப்பிச்சதே பெரிய கதை. 1860கள்ல இருந்து ஃபைலாக்ஸெராங்கற பூச்சி, அசுவினி மாதிரி ஒண்ணு, வேரை உறிஞ்சி ஐரோப்பாவோட பெரும்பாலான திராட்சைத் தோட்டங்களை அழிச்சுது. கடைசியில அமெரிக்கக் கொடியோட வேர்ல ஒட்டுக் கட்டித்தான் மீண்டாங்க. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா வரைக்கும் அது வந்துடுச்சு. பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியா கடுமையான தடுப்புச் சட்டம் போட்டு இன்னிக்கு வரைக்கும் தப்பிச்சிருக்கு. அதனால பரோசாவுல பழைய கொடிகள் சொந்த வேர்லயே நிக்குது.

பூச்சி செய்யாததை அரசாங்கம் கொஞ்சம் செஞ்சுது. 1980கள்ல சிவப்புத் திராட்சை தேங்கிப் போச்சு. கொடியைப் பிடுங்கினா பணம்னு மாநில அரசு அறிவிச்சுது. கடன்ல இருந்த விவசாயி என்ன செய்வார்? நூறு வருஷக் கொடிகளும் போச்சு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. அதைத் தாண்டி நின்ன கொடிக்குத்தான் இப்ப இந்த விலை.

வாங்கும்போது ஒரு விஷயம் பாருங்க. ‘ஓல்ட் வைன்’னு போட ஆஸ்திரேலியாவுல சட்டப்படி வயசு வரம்பு இல்லை. பரோசாவுல 2009-ல ஒரு பட்டியல் போட்டாங்க: 35 வருஷம் தாண்டினா ‘ஓல்ட்’, 70 ‘சர்வைவர்’, 100 ‘சென்டினேரியன்’, 125 ‘ஆன்செஸ்டர்’. இதுல ஏதாவது ஒரு பேரோ, கொடி நட்ட வருஷமோ இருந்தா நம்பிக் காசு கொடுக்கலாம். வெறும் ‘ஓல்ட் வைன்’னா கடைக்காரர்கிட்ட எத்தனை வருஷம்னு கேளுங்க. அவர் முழிச்சா, அடுத்த பாட்டிலைப் பாருங்க.