பழைய வீடுகளின் மரத்தளங்களைப் பேணும் முறை

திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலையொட்டி நிற்கும் குதிரைமாளிகை, சுவாதித் திருநாள் மகாராஜாவால் 1840-களில் கட்டப்பட்டது. கூரையோரத்தில் செதுக்கப்பட்டுள்ள 122 மரக்குதிரைகளே அதற்கு அப்பெயரைத் தந்தன. அதனினும் பழைமையான பத்மநாபபுரம் அரண்மனை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பினும், கேரள அரசின் தொல்லியல் துறையால் பராமரிக்கப்படுகிறது. இவற்றை எழுப்பிய தச்சுக்கலை அரண்மனைகளுக்கு மட்டும் உரியதன்று. நாலுகட்டு வீடுகளின் மச்சுகளும், நெல் சேமிக்கும் மர அறையை நடுவாகக் கொண்ட தென் திருவிதாங்கூர் அறப்புரை வீடுகளும் அக்கலையின் படைப்புகளே.

அரண்மனையைக் காக்க அரசுத் துறை உண்டு. வீட்டு மச்சைக் காப்பவர் வீட்டுக்காரர் ஒருவரே. பலகை ஓரிடத்தில் தாழ்ந்தால், மரத்திற்கு வயதாகிவிட்டது என்று கருதி, தளம் முழுவதையும் பெயர்த்துக் கான்கிரீட் போடுவோர் பலர். ஆனால் மரம் வயதினால் மட்டும் கெடுவதில்லை. பெரும்பாலும் ஈரத்தினாலேயே கெடுகிறது. இவ்வுண்மையை அறிந்தால் பல தளங்களைச் சிறு செலவில் காப்பாற்றலாம்.

ஈரமும் மரமும்

மரத்தை மட்கச் செய்யும் காளான்கள், அதன் ஈரம் 20 சதவீதத்திற்குக் கீழ் இருக்குமாயின் வளர்வதில்லை. இச்சதவீதம் உலர்ந்த மரத்தின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுவது. 120 கிராம் எடையுள்ள துண்டு, அடுப்பில் முற்றும் உலர்த்திய பின் 100 கிராம் ஆயின், அதன் ஈரம் 20 சதவீதம். இரு பருவமழைகளையும் பெறும் திருவனந்தபுரத்திலும், காற்றோட்டமுள்ள வீட்டின் மரம் பொதுவாக இவ்வெல்லையைத் தாண்டுவதில்லை. தாண்டியிருப்பின், உடைந்த ஓடு, ஓதம் ஏறிய சுவர், ஒழுகும் குழாய் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கும்.

மரத்தின் நடுப்பகுதியாகிய வைரத்திற்கும், வெளிப்பகுதியாகிய வெளிற்றுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தேக்கின் வைரத்தில் கரையானை விலக்கும் இயற்கைப் பொருள்கள் உள்ளன. வெளிற்றில் அப்பாதுகாப்பு இல்லை. துளைக்கும் வண்டுகளும் மாச்சத்து மிகுந்த வெளிற்றையே நாடுகின்றன. ஆகவே, பலகையின் ஓரம் உளுத்திருப்பதைக் கண்டு முழுப்பலகையும் கெட்டதென முடிவு செய்தல் கூடாது.

சோதிக்கும் முறை

முதலில் கூரையையும் சுவரையும் பார்த்து, அதன் பின்னரே தளத்தைப் பார்க்கவேண்டும். பலகைகளைத் தாங்கும் விட்டங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருப்பதால், பழுது பெரும்பாலும் அங்கேயே தொடங்கும். அவ்விடங்களைக் கூரிய ஊசியால் குத்திப் பார்க்கலாம். நல்ல மரம் ஊசியை எளிதில் ஏற்காது. மட்கிய மரத்தில் அது எதிர்ப்பின்றி இறங்கும். சுவர் மீதுள்ள மண்குழாய்கள் கரையானையும், பலகைக்கடியில் கொட்டிக்கிடக்கும் நுண்தூள் வண்டையும் காட்டிக்கொடுக்கும்.

செப்பனிடும் முறை

1. நீர் வரும் வழியை அடைத்து, மரத்தை நிழலிலும் காற்றிலும் உலரவிடுக. இது முடியுமுன் வேறு எதையும் தொடங்கற்க.

2. மட்கிய பகுதியை மட்டும் அறுத்து நீக்கி, அதே இன மரத்தின் நன்கு உலர்ந்த வைரத்துண்டை, இழையோட்டம் ஒத்துவருமாறு பொருத்துக. விட்டத்தின் முனையைச் சுற்றிச் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும்; சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது.

3. வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால் காளானும் வண்டும் அணுகா. ஆயினும் நீர் ஒழுகினால் இம்மருந்து கரைந்துவிடும்.

4. கோடையில் பலகைகளுக்கிடையே தோன்றும் சிறு இடைவெளிகளைக் கெட்டியான பொருளால் அடைக்கவேண்டா. மழைக்காலத்தில் பலகை விரியும்போது அதற்கு இடம் வேண்டும்.

5. இயந்திரத்தால் இழைத்துப் புதுமெருகு ஏற்றுவோர், ஒவ்வொரு முறையும் பலகையின் கனத்தைக் குறைக்கின்றனர். அழுக்கைத் துடைத்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்தலே போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால், அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து விரித்துக் காயவைத்த பின்னரே எறியவேண்டும். முற்காலத்தில் மரத்திற்குப் பூசப்பட்ட முந்திரிக்கொட்டைத்தோட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், கையுறையின்றித் தொடலாகாது.

கான்கிரீட் ஏன் தீர்வாகாது?

3 செ.மீ. கனமுள்ள தேக்குப் பலகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோகிராம் எடையுள்ளது. 12 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் தளமோ ஏறத்தாழ 300 கிலோகிராம். விட்டங்களின் எடையைக் கூட்டினாலும் இவ்வேறுபாடு பெரிதே. மண்சாந்தில் கட்டிய பழைய வெட்டுக்கல் சுவர்கள் இப்பாரத்தை எதிர்நோக்கி எழுப்பப்பட்டவை அல்ல. பெயர்த்தெடுத்த அகலமான பலகைகளுக்கு நிகரானவை இன்று எளிதில் கிடைப்பதுமில்லை.

ஆசிரியர்கள் ஒரு சிறு சோதனையை வகுப்பில் செய்து காட்டலாம். ஒரே அளவுள்ள இரு மரத்துண்டுகளுள் ஒன்றை நீரில் ஊறவைத்து, இரண்டையும் அளந்து ஒப்பிடுக. நீளம் ஏறக்குறைய மாறாதிருக்க, அகலம் கூடியிருப்பதை மாணவர் காண்பர். களப்பணியாளர்கள் பழைய வீடுகளுக்குச் செல்லும்போது, தளத்தைப் பெயர்க்க எண்ணும் குடும்பத்தாரிடம், “நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா?” என்று கேட்பாராக. அக்கேள்விக்கு விடை கிடைத்த பிறகே, எப்பலகை போகவேண்டும், எப்பலகை நிற்கவேண்டும் என்று முடிவு செய்யமுடியும்.