குற்றம் நடந்த மாவட்டம் எது?

அமெரிக்காவின் வளைகுடாக் கடலோரத்தில் தூண்டில்காரர்கள் மீன் சேர்வதற்காகக் கடலடியில் சொந்தமாகச் செயற்கைத் திட்டுகளைப் போட்டுவைப்பார்கள். போட்ட இடத்தை யாரிடமும் சொல்லமாட்டார்கள். ஒரு நிறுவனம் சோனார் கருவியால் அவற்றைக் கண்டுபிடித்து விற்றது. அது பொறுக்காத ஸ்மித் என்ற மென்பொருள் பொறியாளர், நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே அந்த விவரங்களைக் கமுக்கமாக எடுத்துவிட்டார். அவர் இருந்தது அலபாமாவில். சர்வர் இருந்தது ஓர்லாண்டோவில். வழக்குப் போட்டதோ நிறுவனம் இருக்கும் வடக்கு ஃபுளோரிடா மாவட்டத்தில். இடம் தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வர்த்தக ரகசியத் திருட்டுக்கான தண்டனையை ரத்து செய்தது.

இடம் ஏன் முக்கியம்? ஒருவரை விசாரணைக்கு நிறுத்த ஆதாரம் போதுமா என்று பார்த்துக் குற்றம்சாட்டும் பொதுமக்கள் குழுதான் கிராண்ட் ஜூரி. 16 முதல் 23 பேர் இருப்பார்கள். 12 பேராவது ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபெடரல் நீதிமன்ற மாவட்டங்கள் 94. சாட்சியை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வரவழைக்கலாம். குற்றம்சாட்டும் அதிகாரம் மட்டும் மாவட்ட எல்லையோடு நின்றுவிடும்.

இந்த எல்லைக் கட்டுப்பாடு இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம். அங்கே ஜூரிகள் உள்ளூர்க்காரர்கள். தம் கவுண்டியில் நடந்ததுதான் அவர்களுக்குத் தெரியும் என்று சட்டம் கருதியது. ஒரு கவுண்டியில் வெட்டுப்பட்டவர் அடுத்த கவுண்டியில் போய் இறந்தால் சிக்கல்தான். வெட்டு விழுந்த கவுண்டிக்காரர்களுக்கு மரணம் தெரியாது, இறந்த கவுண்டிக்காரர்களுக்கு வெட்டு தெரியாது. பிணத்தை வெட்டு விழுந்த கவுண்டிக்கே தூக்கிப்போன கூத்தும் நடந்தது. மரணம் நேர்ந்த இடத்து ஜூரியே குற்றம்சாட்டலாம் என்று 1548இல் சட்டம் போட்ட பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

இன்றைய அமெரிக்கச் சட்டத்தில் குற்றம் தொடங்கிய, தொடர்ந்த, முடிந்த எந்த மாவட்டமும் செல்லும். கூட்டுச்சதி என்றால் கூட்டாளி ஒருவர் செய்த ஒரேயொரு செயல் போதும். அரசு வழக்கறிஞர்களுக்கு இது தாராளமான சலுகை, அப்படியும் சறுக்குகிறார்கள். அப்போது நெப்ராஸ்கா எம்.பி.யாக இருந்த ஜெஃப் ஃபோர்டன்பெரி எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னதாகக் கூறப்பட்டது நெப்ராஸ்காவிலும் வாஷிங்டனிலும். புலனாய்வு நடந்த லாஸ் ஏஞ்சலிஸில் குற்றம்சாட்டினார்கள். பொய்யின் பாதிப்பு அங்கே தெரிந்தது என்பது மட்டும் போதாது என்று 2023 டிசம்பரில் தண்டனை ரத்தானது.

ஆனால் இப்படித் தப்புவது விடுதலை ஆகாது. சரியான மாவட்டத்தில் மறுபடி வழக்கு நடத்தலாம் என்று 2023 ஜூனிலேயே ஸ்மித் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லியிருந்தது. 2024இல் வாஷிங்டன் கிராண்ட் ஜூரி ஃபோர்டன்பெரி மீது புதிதாகக் குற்றம்சாட்டியது. 2025 ஜனவரியில், டிரம்ப் மீண்டும் பதவியேற்றதும், அரசே அந்த வழக்கைக் கைவிட்டது.