கடைசியாக வந்த பையன்

மே மாதம். காலை 7 மணி.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சின்ன ஊர். செம்மண் தரை. நடுவிலே பெரிய வேப்பமரம். அதன் பக்கத்தில் கிறிஸ்தவக் கோவில். (அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் 'கோவில்' என்றுதான் சொல்வார்கள். போதகரை 'ஐயர்' என்பார்கள்.)

மணி அடித்ததுதான் தாமதம். நாலா பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு தண்ணீர்ப் பாட்டில். சிலர் இடுப்பில் தம்பியோ தங்கையோ!

என்ன விசேஷம்?

விடுமுறை வேதப் பள்ளி! பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும், தமிழ்நாட்டில் பல திருச்சபைகளில் இது தொடங்கிவிடும். சில இடங்களில் ஒரு வாரம். சில இடங்களில் பத்து நாள். பாட்டு உண்டு. வேதக் கதை உண்டு. மனப்பாட வசனம், கைவேலை, விளையாட்டு எல்லாம் உண்டு. மற்ற மதத்துப் பிள்ளைகளும் வந்து உட்காருவதுண்டு.

இந்த ஏற்பாட்டுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1898-ம் ஆண்டு நியூயார்க் நகரில் ஹாஸ் என்ற அம்மையார், விடுமுறையில் தெருவிலே திரிந்த ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார். அவருக்கு வாடகைக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? ஒரு மதுக்கடை!

நான் போயிருந்த ஊரில் அந்த வருஷம் முகாமுக்கு எடுத்துக்கொண்ட பொருள், 'ஓட்டம்.' எல்லாப் பாடமும் ஒரு விளையாட்டோடு சேர்ந்தே வரும். முதலில் ஆட்டம், பிறகு தியானம்.

முதுகிலே மூட்டை

முதல் ஆட்டத்தைப் பார்த்தேன். ஐந்து ஐந்து பேராகப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு பை. பைக்குள்ளே மண்ணும் கூழாங்கல்லும்.

விசில் ஊதியதும் வேப்பமரத்தைச் சுற்றி ஓடி வர வேண்டும். பாதி வழியிலேயே மூச்சு வாங்குகிறது. "யக்கா, முதுகு போச்சு!" என்று கத்துகிறான் ஒருவன்.

இரண்டாவது தடவை பை கிடையாது. அதே மரம், அதே தூரம். பிள்ளைகள் பறக்கிறார்கள்!

ஓடி முடித்தவர்களை நிழலில் உட்கார வைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு குவளை மோர். பிறகு அக்கா பேசுகிறாள். கல்லூரியிலே படிக்கிற பெண். விடுமுறையில் இந்த வேலைக்கு வந்திருக்கிறாள்.

"பை இருந்தப்போ எப்படி இருந்தது?"

"பாரமா இருந்தது!"

"மனசுல பாரமா இருக்கிறது எது?"

பிள்ளைகள் யோசிக்கிறார்கள். "பொய்" என்கிறது ஒரு குரல். "தங்கச்சி மிட்டாயை எடுத்துத் தின்னது" என்கிறது இன்னொரு குரல். ஒரே சிரிப்பு!

எபிரெயருக்கு எழுதிய நிருபம், 12-ம் அதிகாரம். பாரத்தைத் தள்ளிவிட்டு ஓடுங்கள் என்பது அதன் கருத்து. அக்கா பைபிளைத் திறந்து ஒரே ஒரு வசனம் படிக்கிறாள். ஒரு சின்ன ஜெபம். முடிந்தது. மொத்தம் ஐந்து நிமிஷம்!

இந்த ஐந்து நிமிஷத்தை நான் மெச்சுகிறேன். ஆறாவது நிமிஷத்தில் பிள்ளைகள் குச்சியால் தரையைக் கிளற ஆரம்பித்துவிடுவார்கள். இது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

விளையாட்டை வைத்து வேதம் சொல்வது நேற்று வந்த வழக்கம் அல்ல. பவுல் அப்போஸ்தலரே அதைச் செய்திருக்கிறார். கிரேக்க நாட்டுக் கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய விளையாட்டு விழா நடக்கும். ஜெயித்தவன் தலையிலே இலைகளால் கட்டிய முடி சூட்டுவார்கள். நாலு நாளில் அது வாடிப்போகும். அந்த ஊர்ச் சபைக்குக் கடிதம் எழுதும்போது பவுல் ஓட்டப் பந்தயத்தைப் பற்றித்தான் பேசினார். ஓடுகிறவர்கள் பலர், பரிசு வாங்குகிறவன் ஒருவன் என்றார்.

இந்த வசனத்தில்தான் வந்தது வினை!

பையனைக் காணோம்

முதல் இரண்டு நாளும் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முதல் மூன்று பேருக்குப் பென்சில் டப்பா. இரண்டு நாளும் ஒரே பையன் கடைசி. ஒன்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. அவன் எல்லைக்கு வருவதற்குள் மற்றவர்கள் மோர் குடித்து முடித்துவிட்டார்கள். யாரும் பரிகாசம் செய்யவில்லை. கவனிக்கவே இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அவனைக் காணோம்.

அக்கா அவன் வீட்டுக்குப் போனாள். தாயார் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேங்கான்மா. என்னன்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கான்."

பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். அக்கா கூப்பிட்டதும் மெல்ல வெளியே வந்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டான்:

"பரிசு ஒருத்தனுக்குத்தானேக்கா? பைபிள்லயே அப்படித்தானே போட்டிருக்கு? அப்புறம் நான் எதுக்கு ஓடணும்?"

அக்காவுக்குப் பதில் வரவில்லை. "நாளைக்கு வா, சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று ராத்திரி முகாம் நடத்துகிற அண்ணன்மார், அக்காமார் எல்லாரும் கோவில் திண்ணையில் கூடினார்கள். ஐயரும் வந்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள். ஐயர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"பந்தயத்துல ஒருத்தனுக்குத்தான் பரிசு. ஆனா பவுல் சொல்ல வந்த ஓட்டம் அப்படி இல்லையே! எல்லாருக்கும் கிரீடம் உள்ள ஓட்டம் அது. நாம பிள்ளைகளுக்குப் பாதியைத்தான் சொல்லியிருக்கோம். மீதிப் பாதியை விளையாட்டே மறைச்சுட்டுது."

வாயால் ஒன்றைச் சொல்லி, விசிலால் வேறொன்றைச் சொன்னால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? விசிலைத்தான்!

ஆட்டம் மாறியது

மறுநாள் பென்சில் டப்பாக்கள் பீரோவுக்குள் போயின. ஆட்டங்கள் மாறின.

ஓட்டம் இருந்தது. ஆனால் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடவில்லை. ஒரு அண்ணன் தம்முடைய செல்போனில் நேரம் பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் அவன் ஓடிய விநாடியைக் குறித்தார். நாளைக்கு அவன் ஜெயிக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

நாற்காலி ஆட்டமும் தலைகீழானது. வழக்கமாகப் பாட்டு நின்றதும் நாற்காலி கிடைக்காத பிள்ளை வெளியே போகும். இங்கே நாற்காலி குறையும், பிள்ளை குறையாது! பத்துப் பேருக்கு ஒன்பது நாற்காலி. பிறகு எட்டு. பிறகு ஏழு. எப்படியாவது எல்லாரும் உட்கார்ந்தாக வேண்டும். ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து, தோளைப் பிடித்து, கீச்சுக் கீச்சென்று கத்தி... அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சந்தையிலிருந்து வந்தவர்கள் வேலி ஓரமாக நின்றுவிட்டார்கள். (நாற்காலி உறுதியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி நாலு பேரைத் தாங்காது! பெஞ்சு நல்லது.)

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற ஆட்டமும் உண்டு. கூட்டாளி ஒருவன் தூரத்தில் நின்று குரலால் வழி சொல்வான். மற்றவர்கள் வேண்டுமென்றே கூச்சல் போடுவார்கள். தன் கூட்டாளியின் குரலை மட்டும் பிரித்துக் கேட்டு நடக்க வேண்டும். மேய்ப்பனின் குரலை ஆடு அறியும் என்கிற யோவான் 10-ம் அதிகாரத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சியது நம்முடைய சடுகுடுதான்! தொடப்பட்டவன் வெளியே போய் உட்காருவான். அவனுடைய கட்சி எதிரியில் ஒருவனை அவுட்டாக்கினால், முதலில் போனவன் உயிர் பெற்றுத் திரும்ப வருவான். அவனாக வர முடியாது. இன்னொருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் அவனை மீட்டு வர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் லூக்கா 15-ம் அதிகாரத்தின் கெட்ட குமாரன் கதை. வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது உடனே புரிந்தது!

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று எழுதினால் அது பொய். முதல் இரண்டு நாளும் முதலில் வந்த சிறுமி ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அப்போ நான் வேகமா ஓடுறதுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டாள். அதுவும் நியாயம்தானே? கடவுள் கொடுத்த கால். கடைசி நாளில் ஒரு நிஜப் பந்தயம் வைக்கிறோம் என்று சமாதானம் சொன்னார்கள். வைத்தது நல்லது என்றே நினைக்கிறேன். இதை எழுதுகிறவன் பள்ளியில் எப்போதும் கடைசியாக வந்தவன். ஆகவே இந்த விஷயத்தில் என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து வாசிக்கவும்.

மென்மைக்காகப் பிறந்த ஆட்டங்கள்

ஆளுக்குத் தக்கபடி ஆட்டத்தை மாற்றுவது புதிதா? இல்லை. கூடைப் பந்து பிறந்ததே அப்படித்தான்.

1891 டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஊர். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிப் பள்ளி. வெளியே கடுங்குளிர். மாணவர்கள் உள்ளே அடைபட்டு முரட்டுத்தனம் செய்தார்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் யோசித்தார். அவர் வேத சாஸ்திரம் படித்தவர். இடித்துத் தள்ளாமல் ஆடும்படி ஒரு ஆட்டம் வேண்டும் என்று நினைத்தார். பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். 13 விதிகள் எழுதினார். பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. தோளால் இடிக்கக் கூடாது. பிடிக்கக் கூடாது. இலக்கு தலைக்கு மேலே இருந்தால் முரட்டுப் பலம் செல்லாது அல்லவா?

நாலு வருஷம் கழித்து, 1895-ல், அதே சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மார்கன் கைப்பந்தை உண்டாக்கினார். எதற்காக? கூடைப் பந்துக்கு ஓட முடியாத நடுவயதுக்காரர்களுக்காக!

அந்தச் சங்கத்தின் வழியாகவே ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்தார். 1920-ல் அவர் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்தியக் கோஷ்டியோடு போனவரும் இந்தப் பக்தான்.

அதே பாரிஸில் ஓடியவரின் கதையைத்தான் ஐயர் ஐந்தாம் நாள் பிள்ளைகளுக்குச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர்

எரிக் லிடல். ஸ்காட்லாந்துக்காரர். மிஷனெரித் தம்பதியின் பிள்ளை. சீனாவில் 1902-ல் பிறந்தவர். 100 மீட்டர் ஓட்டத்தில் புலி! ஆனால் அந்தப் பந்தயத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓய்வு நாளில் ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஊரே அவரைத் திட்டியது. அவர் 400 மீட்டரில் ஓடினார். 47.6 விநாடி! தங்கப் பதக்கம்! 1981-ல் வந்த ஆங்கிலச் சினிமா ஒன்று இந்தக் கதையை உலகமெங்கும் பரப்பியது.

முகாம்களில் வழக்கமாகக் கதை இதோடு முடிந்துவிடும். ஐயர் நிறுத்தவில்லை.

1925-ல் லிடல் சீனாவுக்கே திரும்பி ஆசிரியர் வேலை பார்த்தார். யுத்தம் வந்தது. மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் 1941-ல் கானடாவுக்கு அனுப்பினார். மனைவி அப்போது கர்ப்பிணி. மூன்றாவது மகளை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. 1943-ல் ஜப்பானியர் அவரை வெய்சியன் காவல் முகாமில் அடைத்தார்கள். அங்கே தாய் தகப்பனைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். லிடல் அவர்களுக்குப் பாடம் சொன்னார். விளையாட்டு நடத்தினார். உடைந்த ஹாக்கி மட்டைகளுக்குத் துணி சுற்றிச் செப்பனிட்டார். பிள்ளைகளுக்கு அவர் 'எரிக் மாமா.'

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டம் நடத்த மாட்டார். ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லை. சண்டை மூண்டுவிட்டது! அடுத்த ஞாயிறு மைதானத்தில் நடுவராக வந்து நின்றது யார்? லிடல்தான்!

தங்கப் பதக்கத்துக்காக மீறாத நாளை, பிள்ளைகளுக்காக விட்டுக் கொடுத்தார். 1945 பிப்ரவரி 21-ந் தேதி மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார். வயது 43. விடுதலை வர இன்னும் ஆறு மாதம் இருந்தது.

வேப்பமரத்தடியில் ஒரு சத்தம் இல்லை. அன்று எந்தப் பிள்ளையும் தரையைக் கிளறவில்லை.

காலை 10 மணிக்கு மேல் வெளியே ஆட்டம் கிடையாது. வெயில் அப்படி. சாயங்காலம் மறுபடி விசில் ஊதினார்கள். ஒல்லிப் பையன் சடுகுடுவில் வெளியே போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் கட்சிக்காரன் ஒருவனைத் தொட்டுவிட்டு ஓடி வந்தான். "எலே, உள்ள வாலே!" என்று நாலு பேர் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

பஸ்ஸுக்குக் கிளம்புமுன் அவனுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான்காம் நாள் 41 விநாடி. ஐந்தாம் நாள் 38. ஆறாம் நாள் 36. ஏழாம் நாள் 39.

"இதென்ன, ஏறியிருக்கு?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஏழு இட்லி தின்னுட்டு ஓடினேன் சார்" என்றான்.