திருட்டுப் படமும் நேர்வழிக் காட்சியும்



சென்ற ஆண்டு நம் பள்ளி விழாவில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதிய சிறு நாடகம் மேடையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று வாரம் அவள் அதற்காக உழைத்தாள். பலமுறை அடித்துத் திருத்தினாள். விழா முடிந்த சில நாள்களில் அந்நாடகம் இணையத்தில் உலவத் தொடங்கியது. எழுதியவள் பெயர் அதில் இல்லை. முன்பின் அறியாத ஒருவர் தம் பெயரைப் பொறித்துக்கொண்டு அதனைப் பரப்பியிருந்தார். “ஐயா, அது நான் எழுதியதுதானே?” என்று கேட்டுக்கொண்டு அவள் என் அறை வாயிலில் வந்து நின்றாள்.

ஆம், அது அவளுடையதே. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் தம் சொந்த முயற்சியால் ஒன்றை எழுதி முடித்த அளவிலேயே அவருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. எந்த அலுவலகத்திலும் பதிந்தாக வேண்டும் என்பதில்லை. எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைக்கும். திரைப்படமாயின் அது வெளிவந்த ஆண்டிற்குப் பின் 50 ஆண்டுகள். பத்து வயதுச் சிறுமியின் நாடகத்திற்கும் பல கோடி செலவில் எடுத்த படத்திற்கும் காவல் இந்த ஒரே சட்டந்தான்.

அச்சிறுமிக்காக வருந்திய நம்மில் எத்தனை பேர் அன்று மாலையே திருட்டுத்தனமாய் எடுத்த படத்தைப் பார்த்திருப்போம்? பிறரைச் சொல்வானேன், நானும் அதற்கு விலக்கல்லன். இரவுச் சந்தையில் வட்டுகளைப் பாய் விரித்துப் பரப்பி விற்ற காலத்தில், ஐந்து வெள்ளிக்குப் புதுப்படம் வாங்கி வந்தவன் நான். படத்தின் நடுவே யாரோ எழுந்து செல்லும் தலை தெரியும். அரங்கிலிருந்தோர் சிரிப்பொலியும் கேட்கும். அதையும் பொறுத்துக்கொண்டு பார்த்தோம். இப்பொழுது வட்டு போய்விட்டது, கைப்பேசி வந்துவிட்டது. தலை தெரிவதில்லை, அவ்வளவே.

மாணவர் ஒருவர் என்னிடம் இப்படி வாதிட்டார்: “பால் மங்கைத் தூக்கிக்கொண்டு போனால் மரம் வெட்டியவருக்குப் பால் இல்லாமல் போகும். படத்தைப் படியெடுத்தால் அசல் படம் அவரிடமே இருக்கிறதே, ஐயா. திருடியது எதனை?” நல்ல கேள்வி. அசல் அப்படியே இருப்பது உண்மைதான். குறைவது கூலி. பால் வெட்டுக்காரருக்கு அன்றாடம் பாலை நிறுத்துக் கூலி கணக்கிடப்படும். படம் எடுப்போர் நிலை வேறு. அவர்கள் முதலில் செலவழித்துவிட்டுப் பின்னர்ப் பார்ப்போர் எண்ணிக்கையைக் கொண்டு அதனை மீட்க வேண்டும். வாசலில் கட்டணம் செலுத்தாமல் உள்ளே நுழைவோர் மிகுந்தால், அடுத்த படத்திற்கு முதல் இராது. ஒப்பனைக்காரர், விளக்குப் பிடிப்பவர், வண்டியோட்டி ஆகியோருக்கே முதலில் வேலை போகும். பெரிய நடிகருக்கு ஒன்றும் நேராது.

இதில் நம் நாட்டுத் தமிழ்ப் படைப்பாளர் நிலையை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டின் மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பின்படியே ஏழு கோடிக்கு மேல். மலேசிய இந்தியர் ஏறக்குறைய 20 இலட்சம். அங்கே சிலர் நுழைவுச்சீட்டு வாங்காமல் விட்டாலும் படம் தப்பிப் பிழைக்கலாம். இங்கே அவ்வாறு பிழைப்பது கடினம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015-இல் வெளிவந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் கதை அது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாக அது தேர்வு பெற்றபொழுது நாமெல்லாம் மகிழ்ந்தோம். நம் லயத்து வாழ்வை, நம் பேச்சை, நம் பிள்ளைகளின் முகத்தைத் திரையில் காட்ட வெளிநாட்டார் வரப்போவதில்லை. அதனை எடுக்க முன்வரும் சிலரையும் நாமே கைவிட்டால் பிறகு யாரை நோவது?

இனி, திருட்டுப் பதிவு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காண்போம். பழைய வழி, திரையரங்கில் ஒளிந்திருந்து படம் பிடிப்பது. இக்காலத்துத் திரையரங்குப் படங்களில் கண்ணுக்குத் தெரியாத குறியீடு ஒன்று பதிந்திருக்கும்; எந்த அரங்கில், எந்த வேளையில் படியெடுத்தனர் என்பதை அதனைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். புதிய வழி, கட்டணச் சேவையில் வெளியாகும் படத்தையோ தொடரையோ அதன் பூட்டை உடைத்துப் படியெடுத்து வலைத்தளங்களில் ஏற்றுவது. ஒரு தளத்தை மூடினால் வேறு பெயரில் மற்றொன்று முளைக்கும். 2018-இல் ‘2.0’ திரைப்படம் வெளியாகுமுன்பே சென்னை உயர் நீதிமன்றம் 12,000-க்கும் மேற்பட்ட தளங்களைத் தடை செய்ய ஆணையிட்டது. அப்படியும் படம் வெளியான உடனே திருட்டுப் பதிவு வந்துவிட்டது.

இத்தளங்களை நடத்துவோர் தரும சிந்தனையால் நமக்குப் படம் காட்டவில்லை. சூதாட்ட விளம்பரங்கள் அவர்களுக்குப் பணம் தருகின்றன. எங்கே தொட்டாலும் வேறொரு பக்கம் திறக்கிறது அல்லவா? அவற்றில் சில, ‘ஏ.பி.கே.’ எனும் கோப்பை நம் கைப்பேசியில் இறக்கச் சொல்லும். அது வஞ்சகமாய்ச் செய்யப்பட்டதாயின், உள்ளே அமர்ந்துகொண்டு வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண்ணைப் படித்துவிடும். மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்து விழும் இக்காலத்தில், பிள்ளை படம் பார்க்கக் கேட்டான் என்று தந்தை தம் கைப்பேசியைக் கொடுப்பது, பணப்பையை நடுச்சாலையில் வைப்பதற்கு ஒப்பாகும். அவ்வாறு பணம் பறிபோனது தெரிந்தால், 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்ற எண்ணில் தாமதமின்றி அழைக்க வேண்டும். நேரம் கடந்தால் பணம் பல கைகள் மாறிவிடும்.

பெட்டி விற்கும் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் நம் தோட்டத்திற்கு வந்து, “ஒருமுறை 400 வெள்ளி கட்டினால் போதும், ஆயுள் முழுதும் எல்லா அலைவரிசையும் பார்க்கலாம்” என்று சொல்லிப் பெட்டிகளை விற்றுச் சென்றார். வாங்கிய வீடுகளில் என் உறவினர் வீடும் ஒன்று. ஏழாம் மாதம் திரை கறுத்துவிட்டது. அவருடைய தொலைபேசியும் அடங்கிவிட்டது. யாரிடம் முறையிடுவது? வெறும் பெட்டியில் குற்றமில்லை. முறையான செயலிகளை வைத்துப் பார்ப்போரும் அதே வகைப் பெட்டியைத்தான் பயன்படுத்துகின்றனர். திருட்டு ஒளிபரப்பு அதனுள் ஏற்றப்பட்டிருந்தால் அங்கேதான் குற்றம். 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், திருட்டு ஒளிபரப்புக்கான கருவிகளையோ செயலிகளையோ செய்வோருக்கும் விற்போருக்கும் பரப்புவோருக்கும் 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 20 ஆண்டுகளுக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும் என்று விதிக்கிறது. நம் இளைஞர் சிலர் கைச்செலவுக்காக இப்பெட்டிகளை விற்க இறங்குவதாகக் கேள்விப்படுகிறேன். பெற்றோர் இவ்வரியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது நலம்.

“நேர்வழியென்றால் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டுமே” என்பார் பலர். கட்டணச் சேவைகள் பெருகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அத்தனையும் வாங்கத் தோட்டத் தொழிலாளரால் இயலாது, என்னாலும் இயலாது. சில பழைய படங்கள் எந்த நேர்வழியிலும் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அது படநிறுவனங்களின் குறை.

ஆயினும் செலவின்றிப் பார்க்க வழியுண்டு. 1963-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய நம் அரசுத் தொலைக்காட்சி, டிவி2-இல் தமிழ் நிகழ்ச்சிகளை வழங்கி வருகிறது. 2019-இல் பழைய ஒளிபரப்பு முறை நிறுத்தப்பட்டபின் இலக்கமுறை ஒளிபரப்பை ஏற்கும் தொலைக்காட்சியோ பெட்டியோ வேண்டும். மாதக் கட்டணம் கிடையாது. கைப்பேசியில் பார்ப்போருக்கு ‘ஆர்.டி.எம். கிளிக்’ உள்ளது. யூடியூபில் படநிறுவனங்களே தம் பழைய படங்களை ஏற்றி வைத்திருக்கின்றன; இடையில் வரும் விளம்பரத்தின் வருவாயில் ஒரு பங்கு உரியவருக்குச் சேரும். ஏற்றியவர் பெயரைக் கவனியுங்கள். அது படநிறுவனத்தின் பெயராகவோ தொலைக்காட்சி நிலையத்தின் பெயராகவோ இருந்தால் பெரும்பாலும் முறையானது. நேற்று அரங்கில் வந்த படம் இன்று யாரோ ஒருவர் பெயரில் இருந்தால் விட்டுவிடுங்கள். கட்டணச் சேவைதான் வேண்டுமெனில், வேண்டிய தொடர் முடியும்வரை ஓரிரு மாதம் கட்டிவிட்டு நிறுத்திவிடலாம். என் வீட்டில் அவ்வாறுதான் செய்கிறோம்.

நாடகம் எழுதிய மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரப்பியவருக்குப் பள்ளியின் சார்பில் கடிதம் எழுதினோம். இரண்டு நாளில் தம் பெயரை நீக்கி அவள் பெயரை இட்டார். அந்நாடகம் இம்மலரின் வேறொரு பக்கத்தில் முழுமையாக அச்சாகியுள்ளது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று பெற்றோர் தம் கைப்பேசியுடன் அரைமணி முன்னதாக வந்தால், ‘ஆர்.டி.எம். கிளிக்’ செயலியை எவ்வாறு இறக்கிக்கொள்வது என்பதை ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் செய்துகாட்டுவர்.